உப்புக் கறை

என் அக்கா வீட்டுக்காரர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கார் கழுவும் கடை வைத்திருப்பவனிடம் மூன்றாம் தடவையாக வந்து, "கண்ணாடியில கறை இன்னும் போகலடா மச்சான்" என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதற்கு முன் பஸ், அதற்கும் முன் லாரி. ஸ்டீயரிங் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பதென்று தெரியாத ஆள். கல்யாண வீட்டில்கூட சாவியை விரலில் சுற்றிக்கொண்டுதான் நிற்பார். அக்கா திட்டினால், "வண்டியை விட்டு இறங்கிட்டா நான் யாருடி?" என்று சிரிப்பார். அதை அவர் விளையாட்டுக்குச் சொன்னதே இல்லை.

முதல் தடவை அவர் குறை சொன்னது நியாயம். பள்ளிக்கூடத்தில் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்துகிறார். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்து, கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. சோப்புக்கெல்லாம் அசைகிற கறையா அது? வேனை நிழலில் விட்டு, கண்ணாடி ஆறியதும், வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் விரித்து ஊறவைத்தேன். பிறகு தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு சொட்டையும் தானாகக் காயவிடாமல் துடைத்தேன். பிடிவாதமாக நின்ற சிலவற்றைப் பாலிஷ் போட்டு எடுத்தேன். தோள்பட்டை கழன்றே போனது.

இரண்டாம் தடவை வந்தபோது என் கண்ணுக்கு ஒரு பொட்டும் தெரியவில்லை. உறவாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு மறுபடி தேய்த்தேன். இப்போது மூன்றாம் தடவை.

"எங்க இருக்கு, காட்டுங்க மாமா."

"இதோ, நடுவுல கறுப்பா. இங்கயும் ஒண்ணு."

உப்பு என்றைக்குக் கறுப்பாக இருந்தது? அவர் இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இறங்கி வந்து, கடையின் வெள்ளைச் சுவரைக் காட்டினேன்.

"அங்க பாருங்க. அந்தச் சுவத்துல இருக்கா?"

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். "டாக்டர் போன மாசமே சொல்லிட்டார்டா. சர்க்கரை கண்ணைப் பிடிச்சிடுச்சாம். வண்டியே ஓட்டக் கூடாதாம். ஒரு தடவையாவது நீ, ஆமா மாமா, கறை கண்ணாடியிலதான்னு சொல்லிட மாட்டியான்னு பார்த்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

"சாவியைக் குடுங்க."

"பள்ளிக்கூடம் விடுற நேரம்டா. பிள்ளைங்கள யாரு வீட்டுல விடுறது?"

"நான் விடுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க."

சாவியை ஒருமுறை விரலில் சுற்றிவிட்டுக் கொடுத்தார்.

பிள்ளைகள் ஏறியதும் கிளம்பினோம். மாமா நேரே முன்னால் பார்த்தபடி வழி சொன்னார். "இப்ப இடது. வேகத்தடை வருது, மெதுவா. நீலக் கதவு வீடு, நிறுத்து." ஒன்றும் பிசகவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷனுக்குக் கண்ணில் என்ன கோளாறு, டாக்டர்தான் ஏதோ தப்பாகச் சொல்லியிருப்பார் என்றுகூட எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அடுத்த தெரு நேரா போ. அகலமான ரோடு, கொஞ்சம் அழுத்தலாம்" என்றார்.

அந்தத் தெருவின் நடுவே குழாய் பதிக்கக் குழி தோண்டியிருந்தார்கள். காலையில்தான் தோண்டியிருக்க வேண்டும், மண் இன்னும் ஈரமாக இருந்தது. குறுக்கே சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நான் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் பிள்ளைகள் முன் சீட்டில் மோதிக்கொண்டு சிரித்தார்கள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அந்தக் குழியையே பார்த்தார்.

"ஏன்டா நிறுத்திட்டே? ரோடு காலியாத்தானே இருக்கு" என்றார்.