ஏழாம் இலக்கக் கதை

கதைப் போட்டியில் அநியாயம் நடக்காமல் இருப்பதற்கு ஐயா பதினொரு விதிகள் எழுதினார். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு மேலே இருந்த சின்ன வாசிகசாலைக்குக் காரியதரிசி. கந்தோரில் வெள்ளைக்காரத் துரை ஐந்து விதியோடு நடத்திய காரியத்தை ஐயா வாசிகசாலையில் பதினொரு விதியோடு நடத்தினார் என்று அம்மா சொல்லுவார்.

ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. முந்திய வருடப் போட்டியில் முதற்பரிசு வாசிகசாலைத் தலைவரின் மருமகனுக்குப் போய்விட்டது. நடுவர்களில் ஒருவர் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டுதான் புள்ளி போட்டார் என்று கதை பரவி, கூட்டத்தில் ஆட்கள் குந்தியிருந்த கதிரை பறந்தது. அங்கத்தவர்களில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வாசிகசாலை திறந்தார்கள். அங்கே புத்தகம் குறைவு. பெயர்ப்பலகை மட்டும் எங்களுடையதைவிடப் பெரிது.

ஆகவே ஐயா எல்லா ஓட்டையையும் அடைக்கப் புறப்பட்டார். எழுதுகிறவர் புனைபெயரில் எழுத வேண்டும். சொந்தப் பெயரைத் தனியான சின்ன உறையில் இட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். கதைகளுக்கு இலக்கம் மட்டுமே உண்டு. நடுவர் மூவரும் ஒருவரோடு ஒருவர் போட்டியைப் பற்றிக் கதைக்கக்கூடாது. நடைக்கு நாற்பது, கருவுக்கு முப்பது, முடிவுக்கு முப்பது என்று புள்ளி. ஒவ்வொரு கதைக்கும் நடுவர் சொன்னது எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். காரியதரிசியாகிய ஐயா ஒரு கதையையும் வாசிக்கக்கூடாது, ஏனென்றால் அவருடைய முகத்தைப் பார்த்து யாராவது எதையாவது ஊகித்துவிடலாம். கடைசி விதி இரக்கமுள்ளது: வெற்றி பெறாதவர்களின் பெயர் உறைகள் திறக்கப்படாமல் மூலப் பிரதியோடு சேர்த்து எரிக்கப்படும். தோற்றவனுக்கு வெட்கம் வரக்கூடாது என்பது ஐயாவின் எண்ணம்.

என்னை உள்ளே இழுத்தது நான்காவது விதி. கையெழுத்தால் ஆளை அடையாளம் காணாமல் இருக்க, எல்லாக் கதைகளும் ஒரே கையெழுத்தில் கொப்பியில் பிரதி பண்ணப்பட வேண்டும். யார் எழுதுவது? வளர்ந்த ஆள் யாரைப் பிடித்தாலும் அவன் யாருக்கோ மச்சானாகவோ கூட்டாளியாகவோ இருந்தான். கடைசியில் ஐயா என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்பதரை வயது.

“பிள்ளை எழுதட்டும். அவளுக்கு ஆற்றை கதையெண்டும் தெரியாது, என்ன கதையெண்டும் விளங்காது. அதைவிட நடுநிலை வேறென்ன வேணும்?” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கதை எழுதி முடித்தால் ஒரு தோடம்பழ இனிப்பு என்று அம்மா ஒப்பந்தம் பேசினார். எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று வந்தவர் போனவர் எல்லாம் புகழ்ந்தார்கள். அந்த எழுத்தை எனக்குப் பழக்கியவர் சின்னம்மா.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவருடைய புருஷன் மலாயாவுக்கு ரயில்வே உத்தியோகத்துக்குக் கப்பலேறினார். ஒன்றரை வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. சின்னம்மா எங்கள் வீட்டில் நாலு வருடமாக இருந்தார். அந்த வருடம் ஊரிலிருந்து அவருடைய மாமனார் ஐயாவுக்கு எழுதினார்: மாமி பாயில் விழுந்துவிட்டா, பார்க்க ஆளில்லை, மருமகளை அனுப்பி வைக்கவும். மகனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சின்னம்மா அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார். போனால் பிறகு உயிரோடு வெளியே வர மாட்டேன் என்றும் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐயா கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: “என்னத்தைச் சொல்லி உன்னை இஞ்ச வைச்சிருக்கிறது? ஊர் கேட்டால் ஒரு காரணம் வேணுமெல்லே?”

சித்திரை பிறக்கும்வரை தவணை என்று முடிவாயிற்று. அந்த வாரமே போட்டி அறிவித்தலும் வந்தது. நடுவர்களில் ஒருவர் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். முதற்பரிசு பெறுகிறவருக்குத் தன்னுடைய பத்திரிகையில் வாராவாரம் எழுத இடம் தருவதாகவும், ஆண் பெண் பேதமில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். சின்னம்மா அந்த அறிவித்தலை மூன்று தரம் வாசித்ததை நான் கண்டேன்.

பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். சைவக்காரரான நாங்கள் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவது புதினமில்லை. புதினம் என்னவென்றால், திரும்பும்போது கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்து அங்கேயிருந்த தபாற்பெட்டியில் ஒரு பெரிய உறையைப் போட்டதுதான். வெள்ளவத்தையில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடுமாம். உறையின் மேல் விலாசத்தையும், தன் எழுத்து ஐயாவின் கண்ணில் படாமல் இருக்க, கோயில் வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைக் கொண்டுதான் எழுதுவித்திருந்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன? இது சரிவந்தால் நான் இஞ்சயே இருப்பன்,” என்றார் சின்னம்மா.

நான் அந்தோனியாருக்குக் கொளுத்திய மெழுகுதிரி மேல் சத்தியம் பண்ணினேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். என் வாயால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை.

பதினான்கு கதைகள் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முன்னறை மேசையில் ஒவ்வொன்றாகப் பிரதி பண்ணினேன். ஐயா சொன்னது மெய்தான், முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. கதாநாயகிகள் பக்கம் பக்கமாக மயங்கி விழுந்தார்கள். வில்லன்கள் எல்லோரும் சுருட்டுப் பிடித்தார்கள். ஏழாம் இலக்கத்தை எடுத்ததும் கண்டுபிடித்துவிட்டேன். எழுத்தைச் சரித்து மாற்றி எழுதியிருந்தாலும் அது சின்னம்மாவின் எழுத்து. எனக்குத் தெரியாதா?

அந்தக் கதை எனக்கு விளங்கியது. ஒரு பெண் தினமும் தபாற்காரன் வரும் நேரம் வாசற் படலையடியில் நிற்கிறாள். அவன் தலையாட்டிவிட்டுப் போகிறான். மழைக்காலம் போகிறது, வெயில்காலம் போகிறது, தபாற்காரனுக்குக்கூட நரை விழுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் எழுதிக்கொண்டிருந்த எனக்கு வாயிலிருந்த இனிப்பு கரைந்ததே தெரியவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கடிதம் வருகிறது! அவள் உறையைக் கையில் வாங்குகிறாள், அதன்மேலிருந்த தன் பெயரை வாசிக்கிறாள். பிறகு அதைத் தபாற்காரனிடம் திருப்பிக் கொடுத்து, “இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். கதை முடிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது. வந்த கடிதத்தை யாராவது உடைக்காமல் திருப்பிக் கொடுப்பார்களா? அதுவும் பச்சைப் பொய் சொல்லி? முடிவுக்கு முப்பது புள்ளி என்பது எனக்குத் தெரியும். இப்படி எழுதினால் யார் போடுவார்கள்? சின்னம்மா தோற்றால் ஊருக்குப் போய்விடுவார், பிறகு யார் எனக்குத் தலை பின்னுவது? மற்றக் கதைகளில் எல்லாம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதுதான் கதைகளின் சட்டம் என்று நான் விளங்கி வைத்திருந்தேன்.

அன்றைக்கு அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மையில் தோய்த்து, கொப்பியில் அந்தப் பெண்ணைக் கொண்டு கடிதத்தை உடைப்பித்தேன். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. புருஷன் வந்தும்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, சிவப்புப் பட்டுச்சேலை, பெண்ணின் தமக்கை மகளுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்று. பொம்மையைச் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததை அறியாமல், கொப்பியை மூடி மேலே ஒரு தட்டுத் தட்டினேன்.

ஐயா ஊரில் எல்லாரையும் சந்தேகித்தவர். தன்னையே சந்தேகித்துத் தனக்கும் ஒரு விதி எழுதியவர். பிரதியை மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்று மட்டும் ஒரு விதி எழுதவில்லை.

முடிவு அறிவிக்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண்கள் இருக்கப் பக்கவாசல் ஓரம் ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அம்மா, சின்னம்மா, நடுவில் நான். சின்னம்மா தலையில் பூ வைத்திருந்தார். முதற்பரிசு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதிய ஓர் இளைஞனுக்குப் போயிற்று. குடிகாரன் ஒருவன் திருந்தி, தாயின் காலில் விழுந்த கதை. ஏழாம் இலக்கத்துக்கு இரண்டாம் இடம், இரண்டே புள்ளி குறைவு. இரண்டாம் இடத்துக்கு ஐயாவின் விதிகளில் ஒன்றும் கிடையாது.

பத்திரிகை ஆசிரியர் தான் எழுதி வைத்ததை எழுந்து நின்று வாசித்தார். “ஏழாம் இலக்கம். கடைசிப் பக்கம் வரைக்கும் இப்படி ஒரு கதையை நான் கொழும்பில் வாசித்ததில்லை. கடைசிப் பக்கத்தில் எழுதியவருக்குத் தைரியம் போய்விட்டது. கணவனைக் கப்பலில் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியும் பொம்மையும் கொடுத்து, கதையைக் கொன்றுவிட்டார். முடிவுக்கு நான் புள்ளி போடவில்லை.”

சபை சிரித்தது. பொம்மைக்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். சின்னம்மாவின் கை என் முழங்காலில் இருந்தது. அது அப்படியே குளிர்ந்து போனது இன்றைக்கும் என் முழங்காலுக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஐயா எழுந்து முத்திரை வைத்த பெட்டியைக் காட்டினார். மூலப் பிரதிகள் இதற்குள் இருக்கின்றன, யாருக்காவது சந்தேகமோ முறைப்பாடோ இருந்தால் இப்பொழுதே சொல்லலாம், எல்லோர் முன்னிலையிலும் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். நியாயம் அந்த மேசையில், சின்னம்மாவிலிருந்து பத்தடி தூரத்தில், சிவப்பு அரக்கு முத்திரையோடு இருந்தது. ஒரு சொல் போதும். ஐயா மூன்று தரம் கேட்டார்.

சின்னம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பிழை விட்ட பிள்ளைபோல முழிக்கவில்லை. அந்த ஆசிரியர் சரியான மடையன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சின்னம்மாவைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் தலைப்பின்னலை எடுத்து முன்னால் போட்டுவிட்டார். ஐயா மேசை மணியை அடித்துக் கூட்டத்தை முடித்தார்.

அடுத்தநாள் காலையில் ஐயா கந்தோருக்குப் போகும் அவசரத்தில் மூலப் பிரதிக் கட்டைச் சின்னம்மாவிடமே கொடுத்து, வெந்நீர் அடுப்பில் போட்டுவிடச் சொன்னார். சின்னம்மா போட்டார். ஒவ்வொன்றாகத்தான் போட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

“அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது, சின்னம்மா,” என்றேன்.

“ஓம், பிள்ளை,” என்றார்.

அந்த வெந்நீரில்தான் நான் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சின்னம்மா எழுதிய முடிவை இந்த உலகத்தில் வாசித்த ஆள் ஒன்றே ஒன்று, அது நான். இப்போது எனக்கு எழுபது வயதாகிறது. என்னுடைய கப்பலும் பொம்மையும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. அவருடைய கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வசனத்தைத் தவிர வேறொன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. எத்தனையோ தரம் எழுதிப் பார்த்துவிட்டேன். வருவது அவருடைய நடை இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. மாமி பாயில் ஏழு வருடம் கிடந்தா, அதற்குப் பிறகு மாமனார் கிடந்தார். அம்மாவுக்கு வரும் கடிதங்களில், எல்லோரும் சுகம் என்று இரண்டு வரி இருக்கும். மலாயாவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்னது அப்படியே பலித்தது. முப்பத்தெட்டாவது வயதில் அங்கிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

ஐயா கடைசிவரையும் அந்த வருடப் போட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார். ஒரு முறைப்பாடு வரவில்லை, ஒரு கதிரை அசையவில்லை என்பார். நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சின்னம்மா காப்பாற்றியதை நான் உடைப்பதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மெய்யான காரணம் பயம்.

அந்த வருடம் சித்திரை பிறந்து நாலாம் நாள் கோட்டை ஸ்டேஷனில் காலை வண்டியில் சின்னம்மாவை ஏற்றினோம். ஐயா பெட்டியை மேலே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். வண்டி அசைய முன் சின்னம்மா ஜன்னலால் குனிந்து, என் காதுக்குள் கேட்டார்:

“அவர் வந்த கப்பலுக்கு ஒரு பேர் வைச்சிருக்கலாமெல்லே?”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவருக்கு என்னுடைய முடிவு பிடித்துவிட்டது! வண்டி மறையும்வரை கையசைத்தேன். வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலில் கடற்பக்க ஜன்னலோரம் இருந்து, தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு வந்தேன். சின்னம்மா அடுத்தமுறை வரும்போது சொல்ல வேண்டுமென்று அதில் மிக நல்ல பெயர் ஒன்றை மனதில் பத்திரப்படுத்தினேன். அவரை அந்தக் காலை வண்டியில் ஏற்றிவிட்டது ஐயா இல்லை, நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.