பெட்டிக்குள் வராத தலை

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. நாத்தனார் வாயில் குறைதான் வரும் என்பீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பாள். சுவரில் மாட்டிய படம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அவளோடு ஒரு மணி நேரம் இருந்தால் எனக்கே கால் பரபரக்கும்.

அவள் வேலை அப்படி. துகள்களைக் கண்மண் தெரியாத வேகத்தில் ஓடவிட்டு ஒன்றோடொன்று மோதவைக்கும் ஆராய்ச்சிக்கூடம். பூமிக்கு அடியில் வளையமாகச் சுற்றி வரும் சுரங்கம். அதன் நெடுக நிற்கும் காந்தங்கள் இம்மி பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், பிசகியதை நகர்த்தி வைப்பதும் அண்ணியின் வேலை. என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால், "நேரா வைக்கப் படிச்சேன்" என்பாள்.

அண்ணன் நேரெதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். திசை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று திருதிருவென விழிப்பார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாளர்களின் குடும்பங்களுக்குச் சுரங்கத்தைத் திறந்துவிட்ட நாளில் நானும் அவர்களோடு போயிருந்தேன். இடங்களை மூளை எப்படி நினைவில் வைக்கிறது என்று ஆராயும் ஒரு பெண் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைக் கட்டி, அறைக்குள் நாலு சுற்று நடக்கவைத்து, புறப்பட்ட இடத்தைக் கைகாட்டச் சொன்னாள். அண்ணன் கொஞ்சமும் தயங்காமல் கூரையைக் காட்டினார்.

"இதுவரைக்கும் இப்படி ஒரு பதில் வரல சார்" என்றாள் அந்தப் பெண். அண்ணன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"கீழ போனா எல்லாருக்குமே குழம்பும்" என்று அவள் எங்களைத் தேற்றினாள். "எத்தனை அடி நடந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம்னு மூளை கணக்குப் போட்டுக்கிட்டே வரும். இந்தச் சுரங்கம் ரொம்ப மெல்ல வளையுது. திரும்புறோம்னு உடம்புக்கே தெரியாது."

"அதனாலதான் நாங்க உடம்பை நம்புறதில்ல. சுவத்துல இருக்கிற நம்பரைப் பார்த்துத்தான் நடப்போம்" என்றாள் அண்ணி.

முன்பெல்லாம் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் இரண்டு பேர் சுரங்கம் முழுவதும் நடந்து, தள்ளுவண்டிக்குப் பின்னால், குழாய்க்கு அடியில் என்று குனிந்து பார்த்து, உள்ளே ஆளில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கதவைப் பூட்டுவார்கள். துகள் கற்றை ஓடும்போது உள்ளே மாட்டிக்கொண்டவர் பிழைப்பது கஷ்டம். இப்போது அந்த நடையை நிறுத்திவிட்டார்கள். மோதலில் சிதறும் துகள்கள் விட்டுச்செல்லும் கோடிக்கணக்கான கோடுகளில் அபூர்வமானதைப் பொறுக்கியெடுக்க அங்கே ஒரு செயற்கை அறிவு இருக்கிறது. அதையே கொஞ்சம் மாற்றி, கேமராப் படத்தில் மனிதர்களைக் கண்டுபிடிக்கவும் பழக்கிவிட்டார்கள். பழக்கியவர்களில் அண்ணியும் ஒருத்தி. மலைபோல் குவிந்த பழைய படங்களில் ஆள் இருக்குமிடத்தில் எல்லாம் பெட்டி வரையச் சொன்னார்கள். நின்றுகொண்டே வரைந்து தள்ளினாள். அதைப் பார்த்து அதுவும் ஆளைக் கண்ட இடத்தில் பெட்டி போடப் பழகியது. வைத்த சோதனை அத்தனையிலும் அந்தச் செயற்கை அறிவு தேறிவிட்டது.

கீழே இறங்குமுன் அண்ணனின் வழுக்கை உட்பட எல்லார் தலையிலும் ஹெல்மெட் மாட்டிவிட்டு, அண்ணி எங்கள் குழுவுக்குப் பாடம் எடுத்தாள். "எதையும் தொடாதீங்க. முக்கியமா, சுவத்துல இருக்கிற சிவப்புப் பட்டன் பக்கமே போகாதீங்க. அது மெஷினை நிறுத்துற பட்டன். ஒருத்தர் கை பட்டா மொத்த வேலையும் நின்னுடும்."

அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டமாக மேலே வந்தோம். யாரும் தலை எண்ணவில்லை. அதையும் கேமரா பார்த்துக்கொள்ளுமாம். கேன்டீனில் அண்ணி மூன்று டீ வாங்கி வந்தாள். நானும் அவளும் குடித்து முடித்துவிட்டோம். மூன்றாவது டீ ஆடை கட்டி நின்றது.

"உங்கண்ணன் எங்க?"

"எங்கயாவது வாய் பார்த்துக்கிட்டு நிப்பாரு அண்ணி. கொஞ்சம் உக்காருங்களேன்."

உட்காருவாளா? கழிப்பறை, தோட்டம், வண்டி நிறுத்துமிடம் என்று ஒரு சுற்று வந்தாள். போன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை. கட்டுப்பாட்டு அறைப் பக்கம் வேகமாக நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் தன்மையான மனிதர்தான். "உள்ள யாரும் இல்லம்மா. நீங்களே பாருங்க" என்று திரையைக் காட்டினார். வரிசை வரிசையாகச் சுரங்கப் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஆளில்லை என்று பச்சை. கதவுகள் பூட்டியாகிவிட்டது. இயந்திரம் ஓடப்போகிறதென்ற எச்சரிக்கைச் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது.

அண்ணி பச்சையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படமாக விரலை வைத்து நகர்ந்தாள். கீழ் வரிசையில் ஒரு படத்தில், தள்ளுவண்டிக்கு மேலே, வழுக்கைத் தலை ஒன்று விளக்கொளியில் மின்னியது. அதைச் சுற்றிப் பெட்டி இல்லை.

"நிறுத்துங்க சார்!" அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர் மறுகேள்வி கேட்காமல் நிறுத்தினார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

கீழே போனோம். சுரங்கத்தை ஒட்டிய அறையில் இருந்த கழிப்பறைக்குப் போன அண்ணன், ஹெல்மெட் இறுக்குகிறதென்று அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு, வெளியே வந்து தப்பான பக்கம் திரும்பி நடந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அவர் என்ன செய்வார்? நாங்கள் பார்த்தபோது சிவப்புப் பட்டனுக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டியபடி, உடம்பெல்லாம் வியர்த்து நின்றிருந்தார்.

"சங்கு ஊதுச்சே, அதை அமுக்கக் கூடாதா?" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

"தொடாதேன்னு உங்கண்ணிதானே சொன்னா!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்தவள், மேலே வந்து சேரும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

"அதான் முழுசா வந்துட்டாரே, இன்னும் என்ன அண்ணி?"

"தப்பு என்னோடது. வண்டிக்குப் பின்னால, குழாய்க்குப் பின்னால ஆள் நின்னா ஹெல்மெட் மட்டும்தான் தெளிவாத் தெரியும். அதைச் சுத்தியே பெட்டி போட்டேன், ஒண்ணு விடாம. ஹெல்மெட் இருந்தாத்தான் மனுஷன்னு அது கத்துக்கிச்சு. துகள்ல பத்துக்கு ஒண்ணு நழுவினாலும் ஆராய்ச்சிக்காரங்களுக்கு நாளைக்கு வேற கிடைக்கும். இது அப்படியா?"

"பெட்டியைத் திருப்பிப் போட்டாப் போச்சு."

"போடுவேன். நடந்து பாக்குறதையும் திரும்பக் கொண்டு வரச் சொல்லிட்டு வந்திருக்கேன். அது இல்ல இப்ப." அவள் என் எதிரே நின்றாள். "டீ ஆறிப்போச்சேன்னுதான் நான் எழுந்தேன். உள்ள நின்னது தனியா வந்த ஒரு ஆளா இருந்தா? மேல டீ வாங்கி வெச்சுக்கிட்டு யாரும் காத்திருக்கலன்னா? நானும் பச்சையைப் பார்த்துட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன்."

ஏதாவது சொல்லி அவளைத் தேற்றத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேன்டீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்திருந்தேன். அது என் வழக்கம்தான். நான் தனியாகக் குடியிருப்பவள். என் மாடி அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க யாருமில்லை. உள்ளே நின்றது நானாக இருந்தால், நான் வழக்கம்போல் கிளம்பிப் போயிருப்பேன் என்று இவர்கள் மூன்றாவது டீயை வாங்கியே இருக்க மாட்டார்கள்.

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே போறதா இருந்தா சொல்லிட்டுப் போ" என்றாள்.