எல்லை வேலியும் தூக்கிவிட்ட கைகளும்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன வருடம், சொந்தக்காரர் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கீரிமலைக் கேணிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டு, சுகம் வரும் என்றார்கள். யார் தூக்கிக்கொண்டு போவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சோறு தின்று, வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

தூக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுப் புருசனும் பெண்சாதியும்தான். இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியில், ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டையாக ஒரு பொட்டு இருந்தது. தினமும் காலையில் அதற்குள்ளால் நுழைந்து வருவார்கள். அவன் தோளைப் பிடிப்பான், அவள் காலைப் பிடிப்பாள். கிணற்றடியில் இருத்தியதும் நான் குளிப்பாட்டுவேன். திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டு, ஒரு வாய் கோப்பிகூடக் குடிக்காமல் போவார்கள். அந்தக் கோப்பி குடிக்காததுதான் முதலில் என்னை உறுத்தியது. ஒன்றும் வேண்டாமல் ஒருவன் ஏன் இன்னொருவனைச் சுமக்கிறான்?

வருடா வருடம் புது ஓலை வைத்து வேலியடைக்கிற காலம் நெருங்கியபோது எனக்கு விளங்கிவிட்டது. அந்த எல்லை வேலியை அடைப்பது அவர்கள் பொறுப்பு. எங்கள் வீட்டு ஆம்பிளையோ கட்டிலில் கிடக்கிறார். பழைய கதியால் தடியைப் பிடுங்கிப் புதியதை நடுகிறபோது நாலு விரல் இந்தப் பக்கம் தள்ளி நட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் இதற்காக அண்ணன் தம்பியே வழக்குப் போட்டுக் கோடேறியிருக்கிறார்கள்.

நான் விடுவேனா? ஒவ்வொரு கதியாலின் அடியிலும், எங்கள் பக்கமாக, ஒரு கல்லைப் புதைத்துச் சுண்ணாம்பு பூசினேன். மறுநாள் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தவள் அதைக் கண்டாள். ஒன்றும் கதைக்கவில்லை. கள்ளம் உள்ளவள் எப்படிக் கதைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடைப்பு நாள் முழுவதும் வேலியடியை விட்டு நான் அசையவில்லை. பின்னேரம் வேலை முடிந்ததும் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, வந்து பாருங்கோ. உங்கடை கல்லு ஒண்டும் அசையேல்லை."

பார்த்தேன். ஒரு விரல்கூடத் தள்ளவில்லை. ஆனால் பொட்டு இருந்த இடத்தையும் ஓலை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தான்.

அடுத்த நாள் காலை ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியது. அவருடைய படுக்கை நனைந்திருந்தது. தனியாகத் தூக்கப் பார்த்தேன். பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்துவிட்டது.

"இஞ்சாரும்," என்றார், கோணிய வாயால். "அவையைப் போய்க் கூப்பிடும்."

வெட்கத்தை விட்டு, தெருப்பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப்போய் அவர்கள் வாசல் படலையடியில் நின்றேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் வந்தார்கள். குளிப்பாட்டி முடிந்ததும் நானே சொன்னேன்.

"தங்கச்சி, அந்தப் பொட்டைத் திறந்து விடுங்கோ. சுத்தி வாறது கரைச்சல்."

"வேண்டாம் அக்கா. நாங்கள் ஒழுங்கையாலையே வாறம். நாலு பேர் காண வந்து போறதுதான் எங்களுக்கும் நல்லது. நாளைக்கு இஞ்சை ஒரு சாமானைக் காணேல்லை எண்டால்..."

அவர் சாகும்வரை அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எங்கள் படலையடியில் நின்று, "வரலாமோ?" என்று கேட்டு, என் பதில் கிடைத்த பிறகுதான் உள்ளே கால் வைத்தார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். ஆனாலும் "ஓம், வாங்கோ" என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சத்தமாகச் சொல்வேன். அவரைத் தூக்க எனக்கு வேறு ஆள் இல்லை.