பம்பு வீட்டு மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பம்பு வீட்டில் எனக்கு வேலை. பள்ளத்து ஓடையிலிருந்து மேட்டுத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு நடந்தால் ஒரு மணி நேரம். அதனால் தங்குவதும் அங்கேயேதான், தனியாக.

காலையில் பம்பை ஓடவிட்டு ஒரு சுவிட்சைத் தள்ளுவேன். மேலே தொழிற்சாலை எஞ்சினை ஓட்டும் டிரைவரின் பலகையில் விளக்கு எரியும். உடனே என் சுவரில் மணி இரண்டு முறை அடிக்கும். டிரைவர் அண்ணன் விளக்கைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குப் பட்டனை அமுக்குகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான் அங்கே இருப்பது ஒரு மனிதருக்காவது தெரிகிறது என்பதற்கு அந்த மணிதான் ஒரே சாட்சி. "வணக்கம்ண்ணே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். சிரிக்காதீர்கள். மழை மாதத்தில் நாலு நாள் பேச ஆளில்லாமல் இருந்து பாருங்கள்.

ஆயுத பூசைக்கு மறுநாள் மணி அடிக்கவில்லை. மணியைக் கழற்றிப் பேட்டரியில் நேராகச் சேர்த்தேன், நன்றாக அடித்தது. அப்படியானால் கம்பிதான் என்று, தேயிலைச் சரிவில் ஒட்டுப் போட்ட இடங்களையெல்லாம் இழுத்துப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எங்கும் அறுந்திருக்கவில்லை. அட்டை கடித்ததுதான் மிச்சம்.

தொழிற்சாலையில் டிரைவர் அண்ணன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பலகையில் என் விளக்கு அணைந்து கிடந்தது.

"லைட்டு வரலையேண்ணே, பாக்கலையா?"

"தண்ணி வருதுல்ல? லைட்டை யாரு பாக்குறா?"

"மணி அடிக்கிற பட்டன் எதுண்ணே? அதையும் பாத்துரலாம்."

அவர் சிரித்தார். "பட்டனா? அப்படி ஒண்ணும் இல்ல லா. லைட்டு வந்தா மணி தானா அடிக்கும், அப்படித்தான் வயர் போட்டிருக்கு. நீ போயி சுவிட்சைத் தொறந்து பாரு."

இறங்கி வந்து திறந்தேன். உள்ளே பித்தளை முனைகளில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. என் கைவேலைதான். தொழிற்சாலைப் பூசைக்கு யாரும் கூப்பிடவில்லையே என்ற ரோஷத்தில் பம்பு, மோட்டார், ஸ்பேனர் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்தவன், சுவிட்ச் மூடியையும் திறந்து உள்ளே தாராளமாக வைத்திருக்கிறேன். சுரண்டித் துடைத்து, மூடியைப் போட்டு, சுவிட்சைத் தள்ளினேன்.

மணி இரண்டு முறை அடித்தது, ஒரு குறையும் இல்லாமல். இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் ஆளே இருந்ததில்லை. பம்பு வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.