தலைகீழாக வரைந்த முகம்

எங்கள் திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில் சித்தரைப் பார்த்தேன் என்று சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். நான் அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ரகம். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு கஃபேயில் ரொட்டி சுடுவது என் வேலை. மாடியில் நிவேதா என்று ஒரு பெண் ஆயில் பெயின்டிங் சொல்லித் தருகிறாள், என்னைவிட இருபது வயது சின்னவள். என் மகள் அபி இறந்த பிறகு நான் அடுப்புக்கு முன்னால் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, மேல வந்து சும்மா பிரஷ்ஷைப் புடிங்க, வரலைன்னா விட்டுடுங்க" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

அபி காலேஜிலிருந்து கீழ்பென்னாத்தூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது வேன் கவிழ்ந்துவிட்டது. முகத்தை முழுக்கத் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். "பாக்காதம்மா, நல்லா இருந்த மூஞ்சியே மனசுல இருக்கட்டும்" என்று என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டேன். பெற்றவள் கடைசியாக முகம் பார்க்கவில்லை, அது என்னைத் தின்றுகொண்டே இருந்தது. அன்று காலையில் வேறு சண்டை. எங்கள் வீட்டில் பெண்களுக்கு வலது மூக்கு குத்துவது வழக்கம், அவள் வலிக்கும் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள், "பெத்தவ பேச்சை என்னைக்குடி கேட்டிருக்க?" என்று கத்தித்தான் அனுப்பினேன்.

சரி, பெயின்டிங்குக்கு வருகிறேன். ஐரோப்பாவில் யாரோ ஒரு பெரிய ஓவியர் எப்போதோ வரைந்த படத்தின் பிரிண்ட், கறுப்புச் சால்வை போட்ட நடுவயது வெள்ளைக்காரி. அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். நிவேதா பிரிண்டைத் தலைகீழாக மாட்டினாள், நானும் தலைகீழாகவே வரைய வேண்டுமாம். "மூஞ்சின்னு நினைச்சா கை நம்ம இஷ்டத்துக்குப் போயிடும்க்கா. நிழல் எங்க, வெளிச்சம் எங்கன்னு மட்டும் பாருங்க" என்றாள். மூன்று வாரம் அப்படியே வரைந்தேன், முடியும்வரை நேராகத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

முடிந்த அன்று காலை பதினோரு மணி, நல்ல வெயில், பேய் வருகிற நேரமே இல்லை. நிவேதா என் படத்தைத் திருப்பி வைத்தாள். நம்பினால் நம்புங்கள், அது அபி. சால்வை அந்த வெள்ளைக்காரியுடையது, முகம் என் மகளுடையது.

"பொண்ணையே நினைச்சிட்டு இருந்தீங்க, கைல அதுதானே வரும்?" என்றாள் நிவேதா. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலது மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு. பிரிண்டில் அப்படி எதுவுமே இல்லை. பிரஷ் தவறிப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

படம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அபியின் சிநேகிதி திவ்யா எங்களைப் பார்க்க வந்தாள். படத்தைப் பார்த்ததும் அந்த மூக்குப் புள்ளியை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதை உங்களுக்கு யார் சொன்னாங்க? அன்னைக்கு மத்தியானம்தான் மூக்கு குத்திக்கிட்டா, நான்தான் கூடப் போனேன். அம்மாகிட்ட சொல்லிடாத, நேர்ல போய்க் காட்டப் போறேன்னு சொன்னா. இத்தனை நாளா உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

என்னிடம் காட்டத்தான் வந்துகொண்டிருந்தாள். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. படம் முழுக்க எப்போதோ காய்ந்துவிட்டது, மூக்கில் இருக்கிற அந்தச் சிவப்பு மட்டும் ஈரமாகவே இருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நிவேதா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு போனாள். "தினம் தேங்கா எண்ணெய் வெச்சா எப்படிக் காயும்?" என்று என் வீட்டுக்காரர் திட்டுகிறார். அது காயாமல் இருந்ததால்தான் நான் எண்ணெய் வைக்கவே ஆரம்பித்தேன். புதிதாகக் குத்தின மூக்கு, பிள்ளைக்கு வலிக்காதா?