மச்சான் நம்பாத கல்யாணத் தட்டு

போன வாரம் காலங்காத்தாலேயே மச்சான் சேவியரிடமிருந்து போன்.

“மாப்ள, ஸ்டுடியோக்காரன் நம்மள ஏமாத்திப்புட்டான். கல்யாண வீடியோன்னு காலித் தட்டைக் குடுத்திருக்கான்!”

சேவியர் என் மனைவியின் அண்ணன். வடமதுரையில் பலசரக்குக் கடை. தேங்காயை மட்டுமல்ல, தேங்காய் கொண்டுவருகிறவரையும் தட்டிப் பார்க்கிற ஆள். ஆனால் இந்த முறை குரலில் சந்தேகத்தைவிடக் கலக்கம்தான் அதிகம். காரணம் இருக்கிறது...

போன மாதம் அவருடைய ஒரே மகள் ஜெனிக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம். முந்தின நாள் மச்சானுக்குத் திடீரென்று வயிற்றுவலி. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள்.

“எனக்காக நிறுத்தாதீங்க. மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு அறிவிச்சாச்சு, ஊரையே கூப்பிட்டாச்சு. நடத்துங்க” என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். மகளைப் பீடம் வரை கைபிடித்து அழைத்துப் போனது அவருடைய தம்பி. பெற்றவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்!

அன்றிலிருந்து வீடியோ எப்போது வரும் என்பதே அவர் பேச்சு. வந்தது. போட்டால், டிவிடி பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே. சம்பந்தி வீட்டிலும் அதே.

போய் உறையைப் பார்த்தேன். ‘ப்ளூ-ரே’. அட!

ஞாபகம் இருக்கிறதா? சில வருடங்களுக்கு முன்னால் துல்லியமான படம் காட்டுகிறோம் என்று இரண்டு வகைத் தட்டுகள் மோதிக்கொண்டன — எச்.டி. டிவிடி, ப்ளூ-ரே. ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. எதை நம்பி வாங்குவது? “ஒருத்தன் விழட்டும், அப்பறம் பாப்போம்” என்றார் மச்சான். நாமும் அப்படித்தானே இருந்தோம்?

எச்.டி. டிவிடி விழுந்தது. அப்புறமாவது வாங்கினோமா? இருக்கிற பிளேயர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! நாளைக்கே இன்னொன்று வராது என்று என்ன நிச்சயம்?

தட்டோடு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

“அண்ணே, இதுதான் லேட்டஸ்ட். உங்க தம்பிதான் உசத்தியாப் போடச் சொன்னாரு” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“ஓடாத தட்டுல என்னப்பா லேட்டஸ்ட்டு? உன் வீட்டுல இதுக்கு பிளேயர் இருக்கா?”

“இன்னும் வாங்கலண்ணே...”

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். “உள்ள ஏதாச்சும் இருக்கா, இல்லையா? என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டு.”

ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரில் போட்டார். ஓடியது. அம்மாடி, என்ன தெளிவு! மல்லிகைப்பூவின் காம்பு வரை தெரிகிறது.

சித்தப்பா கையைப் பிடித்து நடந்து வருகிறாள் ஜெனி. பாதி வழியில் முன்வரிசையைப் பார்க்கிறாள். அங்கே அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. உதடு துடிக்கிறது. கண்மை கரைந்து இறங்குகிறது. அன்றைக்கு அதே கோயிலில்தான் நானும் இருந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியவே இல்லை.

தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“நிறுத்துப்பா.”

நிறுத்தினார்.

“இதையே சாதா டிவிடியில போட்டுக் குடு.”

“அண்ணே, அதுல இம்புட்டுத் தெளிவாத் தெரியாதுண்ணே...”

“தெரிய வேணாம்ப்பா. இம்புட்டுத் தெளிவா இன்னொரு தடவ பாக்க என்னால ஏலாது.”

புதுத் தட்டு ஏன் விற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கம்பெனிக்காரர்களே... இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்!