கண்ணாடிக்கடைக்காரரின் பறவை நோட்டு

மலை ஏறும்போது கண்ணாடிக்கடைக்காரர் இருபது அடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார். நின்றதும் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, இலையைத் தவிர ஒன்றுமே இல்லாத ஒரு மரத்தைக் கூர்ந்து பார்ப்பார். மூச்சு சீராகும் வரை அந்த மரத்தில் அபூர்வமான ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். பின்னால் வரும் இளவட்டங்கள் மரியாதையாக ஒதுங்கி, காலடிச் சத்தம் கேட்காமல் கடந்து போவார்கள்.

"என்னை மாதிரி தொப்பைக்காரன் நின்னு மூச்சு வாங்க ஒரு கௌரவமான சாக்கு வேணும்ல? அதுக்குத்தான் பறவைங்க இருக்கு" என்பார், யாரும் கேட்காமலே.

ஊருக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்காரம்மாவுடன் மழைக்காட்டு மலையின் அடிவாரத்தில் இறங்கிவிடுவார். அங்கிருந்து நாலு மணி நேரம் செங்குத்தான ஏற்றம். பாசி பிடித்த வேர்கள்தான் படிகள். வேர் இல்லாத இடத்தில் யாரோ கட்டிவிட்ட கயிறு. மேலே போனால் பாறை விளிம்பு, துருப்பிடித்த கம்பி வேலி, அதற்குக் கீழே கிடுகிடு பள்ளம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். இவர் நாலடி தள்ளியே உட்கார்ந்துகொள்வார். "அழகு எங்கேயும் போயிடாது. நான்தான் போயிடுவேன்."

தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வழுக்கை, தொப்பை, காற்றில் பறந்து கிளையில் மாட்டிய சொந்தத் தொப்பியையே ஆந்தை என்று நினைத்துக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பறவை நோட்டு விஷயத்தில் மட்டும் சிரிப்பு கிடையாது. அதன் முதல் பக்கத்தில், "நானே பார்த்தது, நானே கேட்டது. மற்றது வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். பதினெட்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் பென்சிலில் இருக்கின்றன.

கடையிலும் அதே கறார்தான். கண்ணாடி போட வெட்கப்பட்டு, பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே, வேறு எழுத்துகள் உள்ள இரண்டாவது பலகை ஒன்று அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. சத்தம் காட்டாமல் மாற்றி மாட்டுவார். அவர்களோ பழைய வரியையே கடகடவென்று சொல்லி முடிப்பார்கள்.

"ஞாபகசக்தி பிரமாதம். பார்வையைத்தான் கொஞ்சம் கவனிக்கணும்" என்பார்.

வீட்டுக்காரம்மா பஸ் பணிமனையில் மெக்கானிக். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். காட்டுக்குள் இருவருக்கும் பேச்சு கிடையாது, எல்லாம் சைகைதான். மரங்கொத்தி தட்டினால் அந்த அம்மாவின் கட்டைவிரல் உயரும். பருந்து கத்தினால் உள்ளங்கை. மர உச்சியில் ஒளிந்துகொண்டு மெல்லிசாகக் கீச்சிடும் குருவிக்கு இவர்கள் வைத்த பெயர் ஊசிக்குருவி. அதற்குச் சுண்டுவிரல். இவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார்.

போன மழைக்காலத்திலிருந்து மெல்லிய குரல் எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சுண்டுவிரலைப் பார்த்ததும் தலை ஆடியது, பென்சில் எழுதியது. காது போச்சு என்று வாயைத் திறந்து சொன்னால் நோட்டும் போச்சு என்றாகிவிடுமே என்று பயம். தொப்பையைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிற மனுஷர், இதை மட்டும் கூட நடக்கிறவரிடமே மறைத்தார்.

போன ஞாயிறு பாறை விளிம்பில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சுண்டுவிரல் உயர்ந்தது. இவர் கண்ணை மூடி, ரசித்துத் தலையாட்டினார். நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்து, "ஊசிக்குருவி, குரல் மட்டும்" என்று எழுதினார்.

"கேட்டுச்சா?" என்றார் அந்த அம்மா.

"ஓ! நல்லாவே. ரெண்டு தரம்."

"எதுவும் கத்தலைங்க. சும்மாதான் விரலைத் தூக்கினேன்."

இவர் ரொட்டியைப் பார்த்தார்.

"உங்க ரெண்டாவது பலகைதான். மாத்தி மாட்டிப் பார்த்தேன்."

அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. வழக்கம்போல் ஒரு கேலியைத் தேடிப் பிடித்தார். "கண்ணாடிக்கடைக்காரனுக்குக் காது எதுக்கு? கண்ணாடி மாட்டிக்கத்தானே!"

எப்போதும் முதலில் சிரிக்கிறவர் அந்த அம்மாதான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நோட்டுல இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

இவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, மறுமுனை ரப்பரால் அந்த வரியை அழித்தார். துகளை ஊதிவிட்டார். பிறகு போன மழைக்காலத்துப் பக்கம் வரும் வரை ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போய், அங்கிருந்த முதல் ஊசிக்குருவி வரியின் மேல் ரப்பரை வைத்தார்.